சாம்பல் மண்ணும் சுண்ணாம்பும்

கடலுக்கு நடுவில் ஒரு மலை. ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கியது. இப்போது அடங்கிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மலை அப்படி எதுவும் சொல்லவில்லை.

அந்த மலையின் தோளில் சாம்பல்மேடு என்று ஓர் ஊர். பல தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த தமிழர்கள், போட்டதெல்லாம் முளைக்கிறதே என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியும் சந்தையும் கீழே கடற்கரையில் இருந்தன. மேலே சாம்பல்மேட்டில் வெங்காயமும் பிடிவாதமும் நன்றாக விளைந்தன.

ஊரை ஒட்டி, மலைப்பாதையின் முதல் வளைவில் ஒரு சின்ன மடம். அதில் ஆவுடைச் சாமி இருந்தார். வயது நாற்பதுக்குள்தான். அவரிடம் பாடம் கேட்டவர்களில் மூத்தவள் செங்கமலம். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவைவிடச் சிஷ்யை பெரியவள் என்பதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

செங்கமலம் சாலை போடுகிற இன்ஜினீயர். சாம்பல்மேட்டில் பிறந்து, வெளியே போய்ப் படித்து, நாலு நாட்டில் சாலை போட்டுவிட்டு ஊருக்கே திரும்பியவள். அண்ணன் காலமான பிறகு மதினி வெள்ளையம்மா வீட்டில் இருந்தாள். இருவருக்கும் ஒரு நாள் பேசாமல் இருக்க முடியாது. பேசினால் சண்டை போடாமல் இருக்க முடியாது.

அந்த வருஷம் அரசாங்கம் கறாராகச் சொல்லிவிட்டது. மலை மறுபடி விழித்தால் ஜனங்கள் தப்பிக்க வழி வேண்டும். மழைக்காலத்தில் பாரம் ஏற்றிய லாரி ஏறி இறங்குகிற மாதிரி சாலை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊரையே காலி செய்து, கடற்கரையில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்துவிடுவார்கள்.

சாலையில் முக்கால்வாசிக்குக் கீழே பாறை. அது தானாக நின்றது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் மலை ஒடுங்கி, இரண்டு பக்கமும் சரிவாக, நடுவில் ஒரு மேடு பாலம்போலப் போகும். அதற்குக் கழுத்து என்று பெயர். கழுத்து முழுக்க எரிமலைச் சாம்பல் மண். மழை பெய்தால் லாரி அச்சு வரைக்கும் புதையும்.

செங்கமலத்துக்கு வைத்தியம் தெரியும். அந்த மண்ணோடு சுண்ணாம்பு கலக்க வேண்டும். உருளை ஓட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி, சும்மா விட்டுவிட வேண்டும். மெல்ல மெல்ல மண் கல்லாகும். வேறொரு எரிமலை நாட்டில் இதே வேலையைச் செய்து பெயர் வாங்கியவள். அதனால் கொஞ்சமும் பயமில்லாமல் ஆரம்பித்தாள்.

முதல் தடவை போட்டது கஞ்சியாகிப் போனது. இரண்டாம் தடவையும் அதே கஞ்சி.

குற்றம் மண்ணில் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. ஊர்க்காரர்களின் அன்பில் இருந்தது.

சாம்பல்மேட்டில் வீடோ களமோ, புதுத் தரை எதைப் போட்டாலும் ஊர் கூடி வந்து மிதிக்கும். வட்டமாக நின்று, கை கோத்து, பாட்டுப் பாடி, குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதிப்பார்கள். அதற்குத் தரைமிதி என்று பெயர். மிதிக்காத தரை அநாதைத் தரை. பாட்டெடுத்துக் கொடுப்பவள் வெள்ளையம்மா. வீட்டுக்குக் கீழே பாறை, அது எத்தனை மிதியையும் தாங்கும். கழுத்துக்குக் கீழே பாறை இல்லை.

முதல் தடவை உருளை போன சாயங்காலமே ஊர் வந்து மிதித்துவிட்டுப் போனது. இரண்டாம் தடவை செங்கமலம் கயிறு கட்டினாள். அவர்கள் கயிற்றை அறுக்கவில்லை. மரியாதையாக அவிழ்த்து, சுருட்டி, ஓரமாக வைத்துவிட்டு மிதித்தார்கள்.

"லேசாத்தான் ஏட்டி மிதிச்சோம்" என்றாள் வெள்ளையம்மா.

கடற்கரையில் கிளிஞ்சல் சூளைக்காரரிடம் இன்னும் ஒரு தடவைக்குத்தான் சுண்ணாம்பு இருந்தது. மழையும் அதிக தூரத்தில் இல்லை. இந்தத் தடவையும் போனால் ஊர் போய்விடும்.

செங்கமலம் மடத்துக்கு வந்தாள்.

"சாமி, எனக்கு ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்கம்மா."

"ஊரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கழுத்துல யாரும் மிதிக்கக் கூடாதுன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நீங்க சொன்னீங்களா?"

"தொண்டை வத்துற வரைக்கும் சொல்லியாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சரிம்மா சரிம்மான்னு தலையாட்டுனாங்க. போய் மிதிச்சாங்க."

சாமி சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் சாமி. "மிதிச்சா மண்ணு இறுகும்னுதானே நான் நினைச்சிட்டிருக்கேன்?"

"மத்த மண்ணு இறுகும். இது வேற ஜாதி."

அவள் பையிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். இன்ஜினீயர் பையில் மண்கட்டி இருப்பது சகஜம். சாமி அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா உறுதியாத்தானே இருக்கு?"

"பிசைங்க."

பிசைந்தார். கொஞ்ச நேரம் கட்டி கட்டியாகவே இருந்தது. பிறகு விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. கடைசியில் உள்ளங்கை முழுக்கக் கூழ்.

"இவ்வளவு தண்ணியும் எங்கேம்மா இருந்தது?"

"உள்ளேதான். நெருப்புல பிறந்த மண்ணு சாமி. கண்ணுக்குத் தெரியாத பொத்தல் கோடிக்கணக்கா இருக்கும். தண்ணியை வாங்கி உள்ளே வச்சுக்கிட்டு, வெளியே ஒண்ணுமே இல்லாத மாதிரி நிக்கும். அடிச்சா, மிதிச்சா, எல்லாத்தையும் கொட்டிட்டு உக்காந்துரும். அடிக்க அடிக்க இன்னும் இளகும்."

"சுண்ணாம்பு என்ன பண்ணும்?"

"முதல்ல தண்ணியைக் குடிக்கும். அப்புறம் மண்ணோட ஒவ்வொரு துணுக்கையும் பிடிக்கும். பிடிச்சது இறுகிக் கல்லாகும். ஆனா மெதுவாத்தான் பிடிக்கும். பிடிக்க ஆரம்பிச்சப்புறம் யாராவது உடைச்சிட்டா, மறுபடி பிடிக்காது. அதான் சாமி, மிதிக்கக் கூடாதுங்கிறேன். எப்பவும் கூடாது."

சாமி கையிலிருந்த கூழை ஒரு இலையில் வழித்தார்.

"பிடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உடைச்சா?"

"அப்ப உடைக்கலாம். நல்லா உடைக்கணும். கட்டி இல்லாம எவ்வளவு கலக்குறோமோ அவ்வளவு..."

செங்கமலம் நிறுத்திவிட்டாள்.

சாமி எழுந்தார். "எனக்குப் பசிக்குது" என்று உள்ளே போய்விட்டார்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு வேகமாக ஊரைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் கோயில் வாசலில் ஊர் கூடியது. செங்கமலம் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தத் தடவை நீங்க எல்லாரும் வந்து மிதிக்கணும்."

ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி பால்பாண்டி, இன்ஜினீயரம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்த்தான். உருளை ஓட்டுவதும் ஆட்களை மேய்ப்பதும் அவன் வேலை.

"உருளை போனப்புறம் இல்லை" என்றாள் செங்கமலம். "சுண்ணாம்பு கொட்டினதும் மிதிக்கணும். டிராக்டர் உழுது கலக்கும். ஆனா கட்டி நிக்கும். அந்தக் கட்டியெல்லாம் உங்க காலாலதான் உடையணும். எவ்வளவு ஓங்கி மிதிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. ஆனா செருப்போ வெறுங்காலோ ஆகாது. சுண்ணாம்பு காலை அரிச்சிரும். ரப்பர் பூட்ஸ் வாங்கித் தர்றேன்."

"சப்பாத்து போட்டுக்கிட்டுத் தரைமிதியா?" என்றாள் வெள்ளையம்மா. "மண்ணை அவமானப்படுத்தச் சொல்லுதியா?"

"கால் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனா மண்ணுக்குப் பெருமையா மதினி?"

"எங்க மாமியா காலத்துல சப்பாத்தா போட்டாங்க?"

"உங்க மாமியாதான் எங்கம்மா. எங்கம்மா காலத்துல சுண்ணாம்பும் போடல, சாலையும் நிக்கல."

கூட்டம் சிரித்தது. வெள்ளையம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பாட்டு நான்தான் சொல்லுவேன். நீ நடுவுல புகுந்து அப்படி மிதி, இப்படி மிதின்னு சொல்லப்படாது" என்றாள்.

"சொல்லல."

அந்தத் தரைமிதியைப் பார்க்காதவர்கள் பாவம் செய்தவர்கள். முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ், தலையிலும் வாயிலும் துணி, ஊர் முழுக்க வட்டம் போட்டு ஆடியது. வெள்ளைப் புழுதி எழும்பி எல்லாரையும் ஒரே நிறமாக்கியது. வாயில் துணி கட்டியிருந்ததால் வெள்ளையம்மாவின் பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை. தாளம் புரிந்தது. ஒரு கட்டி பாக்கியில்லை.

சுண்ணாம்பு முதலில் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று மண்ணை ஒரு நாள் ஆறவிட்டார்கள். மறுநாள் இன்னொரு முறை புரட்டினார்கள். பால்பாண்டி உருளை ஓட்டினான், அளவாக. ஈரச் சாக்கைப் போர்த்தி, இரண்டு முனையிலும் செங்கமலம் கயிறு கட்டினாள். அன்று பௌர்ணமி.

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் இதுல யாரும் ஏறக் கூடாது" என்றாள். "ஆடு ஏறக் கூடாது. கோழி ஏறக் கூடாது. ஒரு ஆள் ஒரு கால் வச்சாலும் மொத்தமும் போச்சு. அதுவரைக்கும் கழுத்துக்குக் கீழ ஓடுற ஓடையில இறங்கித்தான் போகணும்."

கூட்டத்தின் ஓரத்தில் சாமி நின்றிருந்தார்.

"ஒரு கால் வச்சாலும் போயிருமாம்மா?" என்று கேட்டார்.

"போயிரும்" என்றாள் செங்கமலம். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அது உண்மையில்லை. பாரலாரிக்குத்தான் அடுத்த பௌர்ணமி. மனிதக் காலுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு தடவை சூடு பட்டவள். பத்து சொன்னால்தான் இந்த ஜனங்கள் ஐந்தையாவது கேட்பார்கள் என்பது அவள் நினைப்பு.

ஜனங்கள் பத்தையும் கேட்டார்கள்.

அப்படி ஒரு கட்டுப்பாட்டைச் சாம்பல்மேடு கண்டதில்லை. வெங்காய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைச் சரிவில் இறங்கி ஏறினார்கள். ஆடுகளைப் பட்டியிலேயே கட்டித் தீனி போட்டார்கள். வெள்ளையம்மா கயிற்றருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கம்போடு உட்கார்ந்துகொண்டாள். சாக்கு காய்ந்தால் கயிற்றுக்கு வெளியே நின்றபடியே வாளியை வீசித் தண்ணீர் தெளித்தாள். நடுவில் நனைக்க வேண்டும் என்று செங்கமலம் உள்ளே போனபோது அவளையே கம்பை நீட்டி மறித்தாள்.

"நீயும் ஆளுதானே? உனக்கும் காலு இருக்குல்லா?"

செங்கமலம் நீளமான ரப்பர் குழாயைக் கொண்டுவந்து ஓரத்திலிருந்து பீச்சினாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு முள்ளும் குத்தியது. பௌர்ணமிதானே, வந்துவிடும் என்று இருந்துவிட்டாள். ஊர் பார்க்காத நேரம் பார்த்து, ஓரம் ஓரமாக இரும்புக் கம்பியை ஊன்றிச் சோதித்தாள். கம்பி இறங்கவில்லை. தெற்கு ஓரத்தில் மட்டும் இறங்கியது. அங்கே மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்தது.

பௌர்ணமிக்குச் சில நாள் இருக்கும்போது மழை முந்திக்கொண்டது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் வெள்ளையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஊர் நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்தாள். வலது பக்கம் வெள்ளையம்மா கை வைக்க விடவில்லை. உடம்பு கொதித்தது.

"குடல்வால்" என்றாள் நர்ஸ். "உடனே ஆபரேஷன் பண்ணணும். உள்ளேயே வெடிச்சா காப்பாத்த முடியாது."

போன் போட்டதும் கீழேயிருந்து ஆஸ்பத்திரி ஜீப் கிளம்பி வந்துவிட்டது. கழுத்தின் அந்தப் பக்கம் வந்து நின்றது. இந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் வெள்ளையம்மா. நடுவில் சாக்குப் போர்த்திய சாலை.

பால்பாண்டியும் இன்னும் மூன்று பேரும் கட்டிலைத் தூக்கினார்கள். தூக்கி, ஓடைப் பக்கம் திரும்பினார்கள். ஓடையில் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது.

செங்கமலம் ஓடிவந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"அந்தப் பக்கம் எங்கே போறீங்க? சாலை மேல தூக்குங்க."

யாரும் நகரவில்லை.

"தூக்குங்க பால்பாண்டி!"

"அம்மா, பௌர்ணமி வரலியே" என்றான் பால்பாண்டி.

"பரவாயில்ல. தூக்குங்க."

"ஊரு போயிருமே அம்மா."

கட்டிலில் கிடந்த வெள்ளையம்மா தலையைத் தூக்கினாள். உதடு வெளுத்திருந்தது.

"ஓடையிலேயே இறக்குங்கல. எனக்காக ரோட்டைக் கெடுத்துராதீங்க."

"மதினி, ஓடையில கட்டில் நிக்காது. அடிச்சுட்டுப் போயிரும்."

"போனா நான் ஒருத்திதானே போறேன்."

செங்கமலம் சுற்றிலும் பார்த்தாள். ஊரே மழையில் நின்றது. ஒருவர் காலும் கயிற்றைத் தாண்டவில்லை. தாண்டிவிடக் கூடாதென்று சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். "ஒரு கால் வச்சாலும் போயிரும்னு நான் சொன்னது பொய்."

அவிழ்த்த கயிற்றைக் கீழே போட்டாள்.

"மண்ணு எப்பவோ இறுகிருச்சு. மனுஷக் கால் தாங்கும். எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். உள்ளதைச் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு கூட்டிச் சொல்லிட்டேன்."

வெள்ளையம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் வலி வந்து முகம் கோணியது.

"பாசத்துல பொய் சொல்லுதா பாரு. என்னைக் காப்பாத்த ஊரைக் குடுக்கப் பாக்கா. நம்பாதீங்கல. இறக்குங்க ஓடையில."

"மதினி, சத்தியமா..."

"அன்னைக்கும் சத்தியமாத்தானே ஏட்டி சொன்னே?"



பால்பாண்டி தவித்தான். கட்டில் தோளை அழுத்தியது. மடத்திலிருந்து சாமி தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தான். உயிர் வந்தது அவனுக்கு.

"சாமி சொல்லட்டும்! சாமி, தாங்குமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடுதோம்."

ஊர் முழுக்கச் சாமியைப் பார்த்தது. செங்கமலமும் பார்த்தாள். அன்று மடத்தில் கேட்ட அதே ஒரு வார்த்தையைத்தான் இப்போதும் அவள் கண் கேட்டது.

"எனக்கு மண்ணு தெரியாது" என்றார் சாமி. "தெரிஞ்சவங்க இங்கேதானே நிக்கிறாங்க."

"அவங்கதான் மாத்தி மாத்திச் சொல்லுதாங்களே சாமி."

சாமி செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, தாங்குமா?"

"தாங்கும்."

"எதுவரைக்கும் தாங்கும்?"

அவள் வாயைத் திறந்தாள். எல்லாம் தாங்கும் என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, சாலையை ஒரு முறை கடைசி வரை பார்த்தாள்.

"நாலு பேர் கட்டிலைத் தூக்கிட்டுப் போகலாம். பின்னாலயே ஊர் மொத்தமும் நடந்து போகலாம், ஒண்ணும் ஆகாது. ஜீப் இந்தப் பக்கம் வரக் கூடாது. வந்தா உடையும், பௌர்ணமி வரைக்கும் உடையும். தெக்கு ஓரத்துல யாரும் கால் வைக்காதீங்க. அங்கே ஊத்து கசியுது. இன்னும் பச்சையாத்தான் இருக்கு. அதை நான் தோண்டி மறுபடிதான் போடணும். அந்த இடம் என் தப்பு. ஊத்துக்கு வாய்க்கால் வெட்டாம விட்டுட்டேன். வடக்குப் பக்கமா, சாக்கு மேலயே போங்க. சாக்கு வழுக்கும், நிதானமா போங்க."



கட்டிலிலிருந்து வெள்ளையம்மாவின் குரல் வந்தது. மெலிந்திருந்தாலும் அதில் பழைய அதட்டல் இருந்தது.

"தெக்கு ஓரம் ஆகாதுங்கா பாரு. அவ தப்புங்கா. இவ்வளவு நாள்ல இவ வாயில இப்பத்தான் தன் தப்புன்னு ஒண்ணு வந்திருக்கு. அப்போ மத்தது நெசந்தான். தூக்குங்கல, வடக்குப் பக்கமா!"

தூக்கினார்கள். பால்பாண்டி முதல் காலை வைத்தபோது, பெற்ற பிள்ளை மேல் மிதிக்கிறவன்போல முகத்தைச் சுளித்தான். வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த காலையும் வைத்தான். நாலு பேரும் வடக்கு ஓரமாக, சாக்கு மேலே, நிதானமாக நடந்தார்கள். செங்கமலம் தெற்குப் பக்கம் தடுப்பாகக் கையை விரித்துக்கொண்டே கூட நடந்தாள்.

அந்தக் கரையில் ஜீப் கதவு திறந்தது. வெள்ளையம்மாவை உள்ளே ஏற்றினார்கள். நர்ஸும் ஏறிக்கொண்டாள். செங்கமலம் ஏறப்போனபோது வெள்ளையம்மா அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"நீ எங்கே வாறே? போய் ஊத்துக்கு வாய்க்கா வெட்டு."

ஜீப் போனது.

வெள்ளையம்மா பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனம் கிடந்து அடித்துக்கொள்ள வேண்டாம். அன்று சாயங்காலமே போன் வந்தது. சாலையும் பிழைத்தது. பௌர்ணமி கழிந்து, கொட்டுகிற மழையில், அரசாங்கத்து ஆட்கள் பாரலாரியோடு வந்து ஏற்றிப் பார்த்தார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதெல்லாம் பிறகு நடந்தது.

ஜீப் போன அந்தக் காலையில், செங்கமலம் சாலை வழியாகவே திரும்பி வந்தாள். சாக்கு விலகிய இடத்தில் குனிந்து பார்த்தாள். பால்பாண்டியின் குதிகால் விழுந்த இடம் தெரியவில்லை. மண் வெளுப்பாக, மழுமழுவென்று இருந்தது.

ஊர்க்காரர்கள் இன்னும் கயிறு இருந்த இடத்துக்குப் பின்னாலேயே நின்றார்கள்.

"இனிமே ஆள் நடக்கலாம்" என்றாள். "ஆடும் நடக்கலாம். வண்டி மட்டும் வேண்டாம், பௌர்ணமி வரைக்கும்."

"சரிம்மா" என்றார்கள்.

யாரும் நடக்கவில்லை. ஒருத்தி கட்டைவிரலை மட்டும் நீட்டித் தரையைத் தொட்டுவிட்டு இழுத்துக்கொண்டாள். இரண்டு பேர் கயிற்றை எடுத்துப் பழையபடி கட்டத் தொடங்கினார்கள். பிறகு செங்கமலத்தைப் பார்த்தார்கள். கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

செங்கமலம் சாமியின் அருகில் வந்து நின்றாள். மழை விட்டுத் தூறலாகியிருந்தது.  சாலை நின்றதே என்ற சந்தோஷமும், கயிற்றோடு நிற்கிற அந்த இரண்டு பேரைப் பார்க்கிற வெட்கமும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

"சாமி, இனிமே நான் சொல்றதை இவங்க நம்புவாங்களா?"

"நீங்க இவங்களை நம்பினது எப்போம்மா?"

அவள் யோசித்தாள். கயிறு கட்டிய நாளை யோசித்தாள். தலையாட்டிக்கொண்டே மிதித்தவர்களிடம் தொண்டை வற்றப் பேசிய நாட்களை யோசித்தாள். சாமியிடம் பொய் சொல்லிப் பயனில்லை.

"இன்னிக்குத்தான் சாமி."

"அப்ப இன்னிக்குத்தான் சுண்ணாம்பே கலந்திருக்கீங்க" என்றார் சாமி. "கொஞ்ச நாள் மேல ஏறாம இருங்கம்மா."